பாட்டுக்கார மதுக்கடைக்கு வந்த சோதனை! மல்லுக்கு நின்ற வாடிக்கைக்காரர்கள்

லண்டன் நகரம். 1987-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஒரு நாள் ராத்திரி.

தேம்ஸ் நதியின் தென்கரையில் வாக்ஸ்ஹால் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு மதுக்கடையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு “பொம்பளை”. கொண்டை கூரையைத் தொட்டது. முகத்தில் அரை அங்குலத்துக்குப் பவுடர். வாயைத் திறந்தால் குத்தல், நக்கல், நையாண்டி. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

திடீரென்று தபதபவென்று போலீசார் நுழைந்தார்கள். சுமார் 35 பேர் இருக்கும். அவர்களுடைய கைகளைப் பார்த்ததும் கூட்டம் திகைத்துப் போனது.

அத்தனை பேர் கையிலும் ரப்பர் உறை!

ஏன்? எய்ட்ஸ் பயம். இந்தக் கடைக்கு வருகிறவர்களைத் தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது ஒரு பேச்சு. சட்டம் படித்த போலீசாரே அதை நம்பினார்கள்.

மேடையில் நின்ற “பொம்பளை” அசரவில்லை. “அடடே! பாத்திரம் கழுவ ஆள் வந்துட்டாங்க போலிருக்கே!” என்கிற மாதிரி ஒரு போடு போட்டார். பிற்காலத்தில் அவரே சொன்ன சேதி இது.

அவர் பொம்பளை இல்லை, ஆண். பெயர் பால் ஓகிராடி. பின்னாளில் இங்கிலாந்து டெலிவிஷனில் கொடிகட்டிப் பறந்தார். “லில்லி சாவேஜ்” என்ற பெயரில் பெண் வேடம் போட்டு, அந்த மதுக்கடையில்தான் 8 ஆண்டுகள் குப்பை கொட்டினார்.

கடையின் பெயர் ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன். போலீஸ் புகுந்தபோதும் மூடவில்லை. நோய் வந்து வாடிக்கைக்காரர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோதும் மூடவில்லை. அந்தக் கடைக்கு 2014-ம் ஆண்டில் வேறு மாதிரி சோதனை வந்தது. இந்த முறை கதவைத் தட்டியது போலீஸ் அல்ல. பணம்!

யார் கடை?

முதலில் ஒரு விஷயம். “பப்” என்றால் நாம் நினைக்கிற சாராயக்கடை அல்ல. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் உட்கார்ந்து, தெரிந்த முகத்தோடு ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிற இடம். கல்யாணப் பேச்சும் நடக்கும், கருமாதிக் கூட்டமும் நடக்கும். இங்கிலாந்துக்காரனுக்கு அது திண்ணை மாதிரி.

டாவர்னும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள். “கே” என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். சொந்த வீட்டில் வாய் திறக்க முடியாதவர்கள், ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அப்பா அம்மா கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதால் ரெயில் ஏறி லண்டனுக்கு வந்தவர்கள் - இப்படிப் பல ரகம். அவர்களுக்கு ஊரெல்லாம் இருட்டு. அந்த ஒரு கடையில் மட்டும் வெளிச்சம்.

1967 வரையில் இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு வைத்தால் ஜெயில். அந்த ஆண்டு வந்த சட்டமும் முழு விடுதலை தந்துவிடவில்லை. இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மூன்றாம் கண் படாத இடமாக இருக்க வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை!

கட்டிடத்தின் ஜாதகம்

வாக்ஸ்ஹால் என்றதும் பழைய ஆட்களுக்கு அந்தப் பெயர் கொண்ட கார் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கார் கம்பெனி பிறந்தது இந்தப் பகுதியில்தான். அதற்கும் முன்னால் அங்கே பெரிய உல்லாசப் பூங்கா இருந்தது. வாணவேடிக்கை, பலூன் சவாரி, சங்கீதம், காதல் ஜோடி என்று அமர்க்களப்பட்ட இடம். ரஷ்ய மொழியில் ரெயில் நிலையத்தை “வக்சால்” என்பார்களே, அந்தச் சொல்லே இந்தப் பூங்காவின் பெயரில் இருந்து போனதுதான்!

1859-ல் பூங்காவை மூடினார்கள். அந்த மனையில் 1860 முதல் 1862-க்குள் எழும்பியதுதான் இந்த மதுக்கடை. முகப்பு வில் போல வளைந்திருக்கும். சுற்றி இருந்த வீடுகளை எல்லாம் பிற்காலத்தில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இது மட்டும், பந்தி முடிந்த பிறகும் எழுந்து போகாத விருந்தாளி மாதிரி, தன்னந்தனியாக நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டில் 377-ம் பிரிவைக் கொண்ட இந்திய தண்டனைச் சட்டத்தை வெள்ளைக்காரன் இயற்றியது 1860-ல். அது அமலுக்கு வந்தது 1862 ஜனவரியில். அதாவது, இங்கே அந்தச் சட்டம் எழும்பிய அதே வேளையில் அங்கே இந்தக் கடையின் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது! அந்தப் பிரிவின் பிடியை சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி தளர்த்தியது. வயதுவந்தவர்கள் மனம் ஒத்து நடந்தால் குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 2024 ஜூலையில் அந்தச் சட்டப் புத்தகமே போய்விட்டது. கடை அதையும் தாண்டிவிட்டது.

டம்ளரைத் தூக்கு!

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் இருந்தே இந்தக் கடையில் பெண் வேடக் கச்சேரி நடந்து வருகிறது என்று சொல்கிறார்கள். நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்பார்களே, அதுதான். ஆனால் இங்கே அழுது வடிகிற கதாநாயகி வேடம் எல்லாம் கிடையாது. வாயாடிக் கிழவி, புருஷனைத் தொலைத்த சீமாட்டி என்கிற ரகம். கூட்டத்தில் யாராவது இருமினால் கூடப் போச்சு, அவன் குடும்பத்தையே இழுத்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் தனி மேடை கிடையாது. சாராயம் ஊற்றிக் கொடுக்கிற நீளமான கவுண்டர் பலகைதான் மேடை. ஆட்டக்காரர் ஒருவர் குதிகால் செருப்போடு அதன்மேல் ஏறி நடந்து வருவார். குடித்துக்கொண்டிருப்பவர்கள் அவசர அவசரமாகத் தங்கள் டம்ளரைத் தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்காவிட்டால் பீர் மடியில்!

பிற்பாடு அந்தக் கவுண்டரைப் பெயர்த்து எடுத்துவிட்டு, உள்சுவரை இடித்து, இரண்டாக இருந்த கூடத்தை ஒன்றாக்கி, ஒழுங்கான மேடை போட்டார்கள். அன்றைக்கும் பழைய வாடிக்கைக்காரர்கள் “எல்லாம் போச்சு” என்று முணுமுணுத்திருப்பார்கள். வாடிக்கைக்காரன் முணுமுணுக்காத கடை உலகத்தில் ஏது? ஆனால் மேடை மாறியதே தவிர, மேடையில் நின்றவர்களும் எதிரே நின்றவர்களும் மாறவில்லை.

டயானா வந்தாரா?

இந்தக் கடையைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள்.

1988-ம் ஆண்டு வாக்கில் ஒரு நாள் இளவரசி டயானா ஆண் வேடம் போட்டு, ராணுவச் சட்டையும் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக இந்தக் கடைக்குள் நுழைந்தாராம். கூட வந்தவர்கள் பாடகர் பிரெட்டி மெர்க்குரி, நகைச்சுவை நடிகர் கென்னி எவரெட், நடிகை கிளியோ ரோக்கோஸ். யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். கூட்டத்தின் கண் எல்லாம் கூட வந்த பிரபலங்கள் மேல். டயானா தன் கையாலேயே காசு கொடுத்து மது வாங்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் நழுவிவிட்டாராம்.

சொன்னவர் அந்தக் கிளியோ ரோக்கோஸ்தான். 2013-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். மற்ற மூவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். ஆமாம் என்று சொல்லவோ, இல்லை என்று மறுக்கவோ ஆள் இல்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆனால் நம்பித்தான் ஆக வேண்டிய வேறு ஒரு சம்பவம் உண்டு. ரப்பர் உறையோடு போலீஸ் புகுந்தது 1987 ஜனவரியில். அதே ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான வார்டைத் திறந்து வைக்க டயானா வந்தார். கையுறை எதுவும் போடாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் படம் உலகம் பூராவும் பத்திரிகைகளில் வந்தது. மூன்றே மாத இடைவெளி!

கடைக்காரர்களும் ஆட்டக்காரர்களும் அந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. உண்டியல் குலுக்கினார்கள். கச்சேரி நடத்தி வசூல் செய்தார்கள். போன வாரம் பக்கத்தில் நின்று சிரித்தவன் இந்த வாரம் ஆஸ்பத்திரியில். அடுத்த மாதம் மயானத்தில். பெற்றவர்களே எட்டிப் பார்க்காத சாவுகள் அவை. அழுவதற்கு அவன் நண்பர்கள் கூடிய இடம் இந்த மாதிரி மதுக்கடைகள்தான். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த சண்டை ஏன் இவ்வளவு மூர்க்கமாக நடந்தது என்பது அப்போதுதான் புரியும்.

விற்றாச்சு!

இனி 2014-க்கு வருவோம்.

அந்த ஆண்டு மார்ச் 29-ந் தேதி இங்கிலாந்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. மாலையும் கழுத்துமாக ஜோடிகள் போட்டோவுக்கு நின்றார்கள். “இனி நமக்கு என்ன குறை?” என்று சந்தோஷம்.

அதே ஆண்டில் ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன் கட்டிடம் கைமாறியது. வாங்கியது ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த ஒரு நில வியாபாரக் கம்பெனி. சேதி வெளியே தெரிந்ததும் வாடிக்கைக்காரர்களுக்குப் பகீர் என்றது.

பயம் நியாயமானதுதான். அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஆற்றோரம் வானத்தை முட்டுகிற கண்ணாடிக் கட்டிடங்கள். கூப்பிடு தூரத்தில் உளவு இலாகாவின் தலைமை ஆபீஸ். கொஞ்சம் தள்ளி, அமெரிக்கத் தூதரகமே பழைய இடத்தைவிட்டு 2018-ல் குடிவந்துவிட்டது. ஒரு காலத்தில் லாரியும் காய்கறி மூட்டையும் ரெயில் புகையுமாக, “அங்கேயா?” என்று முகம் சுளித்த பேட்டையில் இன்றைக்கு ஒரு படுக்கை அறை வீட்டின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அங்கே நட்ட நடுவில், தனியாக, 2 மாடிக் கிழட்டுக் கட்டிடம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டு நின்றால் நில வியாபாரி கண்ணில் படுவது பாட்டா? மனையா?

இடிப்பார்களா? மேலே அடுக்கு வீடு கட்டுவார்களா? முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ஓட்டல் நடத்துவார்களா? வதந்திக்குப் பஞ்சம் இல்லை.

சண்டைக்கு வந்த கூட்டம்

குடிகாரக் கூட்டம்தானே, நாலு நாள் சத்தம் போட்டுவிட்டு வேறு கடை தேடிப் போய்விடும் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்தார்கள்.

வாடிக்கைக்காரர்களில் வக்கீல் உண்டு, எழுத்தாளர் உண்டு, நாடகக்காரர் உண்டு, சரித்திரம் படித்தவர் உண்டு. ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தார்கள். 1995-ல் இருந்து சனிக்கிழமை தோறும் அந்தக் கடையில் “டக்கி” என்ற பெயரில் ஆட்டபாட்டம் நடத்தி வந்த கூட்டத்தினரும் கைகோத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏமி லாமே என்ற பெண், பிற்பாடு 2016-ல் லண்டன் மேயரால் நகரத்தின் ராத்திரி வியாபாரங்களைக் கவனிக்கும் பதவிக்கே நியமிக்கப்பட்டார்! 2024 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

குழு என்ன செய்தது? கொடி பிடித்து கோஷம் மட்டும் போடவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டியது.

2011-ல் வந்த சட்டம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு கடையோ, மண்டபமோ, மைதானமோ ஊர் ஜனங்களுக்கு உபயோகமானது என்று நகரசபை பதிவு செய்துவிட்டால், சொந்தக்காரர் அதை நினைத்த மாத்திரத்தில் விற்க முடியாது. “நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், பணம் திரட்ட அவகாசம் வேண்டும்” என்று ஊர்க்காரர்கள் கேட்டால் 6 மாதம் காத்திருக்க வேண்டும். லாம்பெத் நகரசபை 2014-லேயே டாவர்னை அந்தப் பட்டியலில் ஏற்றியது.

அதோடு விடவில்லை. புராதனக் கட்டிடங்களைக் காக்கிற “ஹிஸ்டாரிக் இங்கிலாந்து” என்ற இலாகாவுக்கு ஒரு மனு போட்டார்கள். நடிகர் இயான் மெக்கெல்லன் ஆதரவு தெரிவித்தார். “லில்லி சாவேஜ்” பால் ஓகிராடியும் பழைய கடையை மறக்காமல் குரல் கொடுத்தார்.

2015 செப்டம்பரில் முடிவு வந்தது. ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன் இரண்டாம் நிலைப் பாதுகாப்புக் கட்டிடம் என்று அறிவித்தார்கள். “கே” மக்களின் சரித்திரத்துக்காகவே ஒரு கட்டிடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது இங்கிலாந்தில் அதுதான் முதல் தடவை.

கோட்டை, கொத்தளம், அரண்மனை, மாதா கோவில் எல்லாம் இருக்கிற பட்டியலில் இப்போது சேலை கட்டாத குறையாக ஆண்கள் ஆடிய மதுக்கடை! எந்த அரசாங்கத்தின் போலீஸ் ரப்பர் உறையோடு உள்ளே நுழைந்ததோ, அதே அரசாங்கத்தின் முத்திரை. கடையில் அன்றைக்குக் கொண்டாட்டம் கேட்க வேண்டுமா?

சுவருக்குக் காவல், பாட்டுக்கு?

ஆனால் விஷயம் தெரிந்த வாடிக்கைக்காரர்கள் முழுசாகச் சிரிக்கவில்லை. காரணம் இதுதான்:-

பாதுகாப்புப் பட்டியல் காப்பாற்றுவது செங்கல்லையும் சுண்ணாம்பையும். வளைந்த முகப்பை இடிக்கக்கூடாது, இரும்புத் தூணைப் பெயர்க்கக்கூடாது, சரி. ஆனால் அந்தச் சுவருக்குள் யார் வரவேண்டும், என்ன பாட வேண்டும், ஒரு டம்ளர் பீர் என்ன விலை என்பதை எல்லாம் பட்டியல் சொல்லாது. நாளைக்கே கடைக்காரர் விளக்கைக் குறைத்து, மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, மேடையை எடுத்துவிட்டு, பணக்காரச் சாப்பாட்டுக்கடை ஆக்கிவிட்டால்? கட்டிடம் அப்படியே இருக்கும். ஜனங்கள் இருக்கமாட்டார்கள்.

இதுதான் வாடிக்கைக்காரர்களை உறுத்துகிற முள். மாற்றமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. கழிப்பறையைச் சரி செய்தால் வேண்டாம் என்பார்களா? கூரை ஒழுகாமல் இருந்தால் கசக்குமா? “நாற்காலியை மாற்று, விளக்கை மாற்று, எங்களை மாற்றாதே” என்பதுதான் அவர்கள் கட்சி.

கடை நடத்துகிறவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். வாடகை ஏறுகிறது. மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. பாதுகாப்புக் கட்டிடம் என்று முத்திரை விழுந்துவிட்டால், முக்கியமான எதை மாற்றுவதற்கும் மனு போட்டு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பழைய வாடிக்கைக்காரனோ ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் சரித்திரம் பேசுகிறான்! சரித்திரம் பேசினால் கல்லா நிரம்புமா? வேறு கூட்டத்தை, பெண் தோழிகளின் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிகளை, வேடிக்கை பார்க்க வருகிற உல்லாசப் பயணிகளைக் கூப்பிட்டால்தான் கட்டுபடியாகும் என்று வியாபாரி நினைத்தால் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

அவர்கள் வந்தால் இவர்களுக்கு என்ன? வரட்டும், காசு கொடுக்கட்டும். ஆனால் தன்னைத்தானே மறந்து சிரிக்க வந்தவனை, நாலு பேர் சுற்றி நின்று மிருகக்காட்சிசாலையில் பார்ப்பது போலப் பார்த்தால் அவன் அடுத்த வாரம் வருவானா?

பூட்டிய கடைகள்

டாவர்ன் கதை தனிக் கதை அல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2006-ல் லண்டனில் இந்த மாதிரி மதுக்கடைகள், ஆட்டக் கிளப்புகள் எல்லாம் சேர்த்து 125 இருந்தன. 2017-ல் மிஞ்சியது 53. பதினோரு ஆண்டில் பாதிக்கு மேல் பூட்டு!

பூட்டுக்குக் காரணம் பல. மனை விலை முதல் காரணம். நகரத்துக்குப் புது ரெயில் பாதை போடுகிறேன் என்று வந்தபோது, சாரிங் கிராஸ் ரோட்டில் இருந்த அஸ்டோரியா என்ற பிரபலமான அரங்கமே 2009-ல் போய்விட்டது. இளவட்டங்கள் வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஜோடி தேடிக்கொள்கிறார்கள் என்பதும் காரணம் என்கிறார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கென்று இருந்ததே சொற்பம். சோஹோவில் 1996-ல் திறந்த “கேண்டி பார்” 2014 ஜனவரியில் மூடப்பட்டது.

காம்டன் பகுதியில் “பிளாக் காப்” என்று ஒரு கடை. பெண் வேடக் கச்சேரியில் டாவர்னுக்குப் போட்டிக்கடை என்றே சொல்லலாம். 2015 ஏப்ரலில் திடுதிப்பென்று பூட்டிவிட்டார்கள். வாடிக்கைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சனிக்கிழமை தோறும் பூட்டிய கதவுக்கு முன்னால் நடைபாதையில் கூடி நின்றார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு கண்விழிக்கிற மாதிரி!

கிழக்கு லண்டன் ஹாக்னி ரோட்டில் “ஜாயினர்ஸ் ஆர்ம்ஸ்” கடை 2015 ஜனவரியில் மூடப்பட்டது. இங்கே கதை வேறு மாதிரி திரும்பியது. அந்த மனையில் புதுக் கட்டிடம் எழுப்ப அனுமதி கேட்டவர்களுக்கு டவர் ஹாம்லெட்ஸ் நகரசபை 2017-ல் ஒரு நிபந்தனை போட்டது. “கட்டுகிற கட்டிடத்தில் ‘கே’ மக்களுக்கான மதுக்கடை ஒன்று இருக்கவேண்டும்” என்பது நிபந்தனை. அந்த நாட்டில் அப்படி ஒரு நிபந்தனை போட்டது அதுவே முதல் தடவை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாவர்னில் சுவருக்கு உத்தரவாதம், கூத்துக்கு இல்லை. ஜாயினர்சில் கூத்துக்கு உத்தரவாதம், சுவர் இல்லை. கண் இருந்தால் புருவம் இல்லை!

ஜாயினர்ஸ் வாடிக்கைக்காரர்கள் புதுக் கட்டிடத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. நாமே பங்கு போட்டு ஒரு கடை நடத்துவோம் என்று கிளம்பினார்கள். 2022-ல் பொதுமக்களிடம் பங்கு திரட்டியதில் 1 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. முதலாளியும் நாமே, வாடிக்கைக்காரனும் நாமே என்கிற கணக்கு. கடனுக்குக் குடிக்கிற ஆளை என்ன செய்வார்களோ!

பக்கத்து வீட்டுக்காரர்

இன்னொரு தொல்லையும் உண்டு. லண்டனில் மதுக்கடைகளுக்குப் பெரிய எமன் யார் என்று கேட்டால், புதுசாகக் குடிவருகிற பக்கத்து வீட்டுக்காரரைக் கைகாட்டுவார்கள்.

100 வருஷமாகப் பாட்டுச் சத்தம் கேட்கிற இடம் என்று தெரிந்துதான் வருகிறார். “ஆகா, கலகலப்பான பேட்டை” என்று சொல்லித்தான் வீட்டையே விற்கிறார்கள். குடிவந்து மூன்றாம் நாள் நகரசபைக்கு மனு எழுதுகிறார்:- “ராத்திரி தூங்க முடியவில்லை.” நகரசபை கடைக்காரருக்கு நோட்டீசு அனுப்புகிறது. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்றால் பத்து மணிக்குத் தொடங்குகிற கச்சேரியை என்ன செய்வது?

இதற்கு 2018-ல் ஒரு பரிகாரம் வந்தது. கடை முன்னால் இருந்தது, வீடு பின்னால் வந்தது என்றால், வீடு கட்டுகிறவர்தான் தன் செலவில் சத்தம் வராமல் தடுப்புச் செய்துகொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தின் கட்டிடக் கொள்கையில் எழுதினார்கள். முன்னால் வந்தவனுக்கு முதல் மரியாதை! எழுதியபடி எல்லா இடத்திலும் நடக்கிறதா என்பது வேறு விஷயம்.

இனியும் எதற்குத் தனிக் கடை?

வாடிக்கைக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி இது. கல்யாணமே செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு, எந்தக் கடைக்கும் போய் உட்காரலாமே, தனிக் கடை எதற்கு என்று.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இளைஞர்களில் சிலருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நண்பர்கள் கூட்டத்தோடு எந்தக் கடைக்கும் போகிறார்கள், யாரும் எதுவும் சொல்வது இல்லை.

வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 1988-ல் ஒரு சட்டம் வந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வதை நகரசபைகளோ, அவை நடத்தும் பள்ளிக்கூடங்களோ ஆதரித்துப் பேசக்கூடாது என்றது. இங்கிலாந்தில் அதை ரத்து செய்ய 2003 ஆயிற்று. 1999 ஏப்ரல் 30-ந் தேதி சாயங்காலம் சோஹோவில் “அட்மிரல் டங்கன்” என்ற மதுக்கடையில் ஆணிகள் நிரப்பிய வெடிகுண்டு வெடித்தது. 3 பேர் செத்தார்கள். ஏராளமான பேருக்குக் காயம். “கே” மக்கள் கூடுகிற கடை என்பதற்காகவே வைத்த குண்டு. அந்தக் கடையை இரண்டே மாதத்தில் மறுபடியும் திறந்தார்கள். வாடிக்கைக்காரர்களும் திரும்பி வந்தார்கள்.

எந்தக் கடைக்கும் போகலாம் என்பது உண்மை. பக்கத்தில் இருப்பவனின் கையைப் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் உட்காரலாமா என்பதுதான் விஷயம். 60 வயசுக்காரர் ஒருவர் அப்படி உட்காரப் பழகியதே டாவர்ன் மாதிரி ஒரு கடையில்தான். அவரிடம் போய், “இன்னொரு கடை பார்த்துக்கொள்” என்றால்?

கமிஷனரின் மன்னிப்பு

2020 மார்ச் மாதம் கொரோனா வந்து இங்கிலாந்தில் எல்லா மதுக்கடைகளையும் மூடச்சொன்னார்கள். போலீசாலும் முடியாததை, நில வியாபாரியாலும் முடியாததை ஒரு கிருமி செய்தது. கதவு சாத்தி இருந்தது. பிறகு திறந்தார்கள்.

2023 மார்ச் 28-ந் தேதி பால் ஓகிராடி காலமானார். வயது 67. கடைசிக் காலத்தில் அநாதை நாய்களுக்கு வீடு தேடித்தருகிற டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்தி, கிழவிகள் குழந்தைகள் எல்லாருக்கும் செல்லப்பிள்ளையாக இருந்தவர். ராணி கமீலாவே அந்த நிகழ்ச்சியில் அவரோடு வந்தார். ரப்பர் உறை போட்ட போலீசார் மத்தியில் நின்ற லில்லி சாவேஜ் அவர்தான் என்பது பல பேருக்குச் செத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டன் போலீஸ் கமிஷனர் மார்க் ரவுலி, கடந்த காலத்தில் “கே” மக்களை நடத்திய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டார். ஓகிராடி இருந்து கேட்கவில்லை. இருந்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார். பாத்திரம் எல்லாம் கழுவியாச்சா என்று கேட்டிருப்பார்!

வளைந்த முகப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஒரு பக்கம் ரெயில் பாலம். தடதடவென்று ரெயில் போய்க்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் பூங்காவும், ஆடும் பன்றியும் வளர்க்கிற சின்னப் பண்ணையும். சனிக்கிழமை ராத்திரி கதவருகே நின்றால் உள்ளே மைக்கில் ஒருவர் யாரையோ வம்புக்கு இழுப்பது கேட்கும். கூட்டம் சிரிப்பதும் கேட்கும். கவுண்டர் பலகை மேடை போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆட்டக்காரர் பக்கத்தில் வந்தால் பழைய வாடிக்கைக்காரரின் கை மட்டும் இன்னும் தானாக டம்ளரைத் தூக்கிக்கொள்ளும்.